மின்சாரம் எங்கே நின்றது? கையில் டெஸ்டர் பிடித்துப் பழுது தேடும் பாடம்

ஹார்ன் அடிக்கவில்லை. பிரேக் லைட் எரியவில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. இப்படி வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? முதலில் பல்பை மாற்றுகிறோம். சரியாகவில்லை என்றால் பியூஸ். அதற்கும் அசையவில்லை என்றால் பேட்டரி. கடைசியில் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். அங்கே இருக்கிற போமன் விஷயம் தெரிந்தவராக இருந்தால் பத்தே நிமிடத்தில் ஒரு துருப்பிடித்த எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டி அனுப்பிவிடுவார். இல்லாவிட்டால் “ஆல்டர்னேட்டர் போச்சு தம்பி” என்று சில நூறு வெள்ளிக்குக் கணக்குப் போடுவார். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. பல நேரங்களில் அவரும் அளந்து பார்க்காமல் ஊகத்தில்தான் மாற்றுகிறார். ஊகத்துக்கும் சேர்த்து நாம் காசு கட்டுகிறோம்.

நம் இளைஞர்களில் சிலர் பட்டறையில் கை பழகுகிறவர்கள். இன்னும் பலர் இரவு ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீடு திரும்புகிறவர்கள். பின் விளக்கு அணைந்து போனது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் வருகிற லோரிக்காரருக்கும் கடைசி நொடி வரை தெரியாது. அதனால் இந்தப் பாடம் பட்டறைக்காரருக்கு மட்டும் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

எந்த டெஸ்டர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வீட்டில் சுவிட்ச் பலகையைப் பார்க்க வைத்திருக்கிறோமே, ஸ்குரூ டிரைவர் மாதிரி, உள்ளே சின்ன நியான் விளக்கு வைத்த டெஸ்ட் பென், அது காருக்கு ஆகாது. வீட்டில் வருவது சுமார் 230 வோல்ட் ஏசி. காரில் இருப்பது 12 வோல்ட் டிசி. 12 வோல்ட்டுக்கு நியான் கண்ணையே திறக்காது. ஒயர் மேலே தொடாமல் காட்டினால் ‘பீப்’ என்று கத்துகிற பேனாவும் அப்படித்தான். அது ஏசிக்குச் செய்தது. அதைக் காரில் வைத்துப் பார்த்துவிட்டு “கரண்டே வரல அண்ணே” என்று சொல்கிறவர்கள் உண்டு. கரண்ட் வருகிறது, பார்க்கிற கருவிதான் வேறு.

காருக்கு வேண்டியது இரண்டு. ஒன்று டெஸ்ட் லைட்: கைப்பிடிக்குள் ஒரு 12 வோல்ட் பல்ப், முனையில் கூர்மையான முள், வாலில் ஒரு முதலைக் கிளிப். ஹார்டுவேர் கடையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் கிடைக்கும். மற்றது டிஜிட்டல் மல்டிமீட்டர். டெஸ்ட் லைட் ‘இருக்கிறது, இல்லை’ என்று மட்டும் சொல்லும். மல்டிமீட்டர் ‘எவ்வளவு இருக்கிறது’ என்று சொல்லும். வேகமாகத் தேட முதலாவது, முடிவு சொல்ல இரண்டாவது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மல்டிமீட்டரை வாங்குங்கள்.

மீட்டரில் வோல்ட் அளக்கும்போது கறுப்பு ஒயர் ‘காம்’ ஓட்டையில், சிவப்பு ஒயர் வோல்ட் ஓட்டையில். முகப்பில் டிசி 20 என்ற இடம். பக்கத்தில் 10 ஆம்பியர் என்று இன்னொரு ஓட்டை இருக்கும். சிவப்பு ஒயரை அதில் சொருகிவிட்டு வோல்ட் பார்க்கப் பேட்டரியில் வைத்தால் அது நேரடி ஷார்ட். முள் நுனி பொறி பறந்து உருகும், மீட்டருக்குள் இருக்கிற பியூஸும் போகும். ஒவ்வொரு முறையும் ஓட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முள்ளை வைக்க வேண்டும்.

காப்பைக் கழற்று

நம் பிள்ளைகளில் நிறைய பேர் கையில் காப்பு, விரலில் மோதிரம், கழுத்தில் செயின். பேட்டரிப் பக்கம் போவதற்கு முன் மூன்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் காரின் பாடிக்கும் நடுவில் ஒரு வெள்ளிக் காப்பு மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே ஓடும். கழற்ற நேரம் கிடைக்காது, அதற்குள் காப்பு கொதித்துவிடும். சாமி கயிறு இருக்கலாம், அது நூல்.

சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதன் தலைக்கு மேலே சிகரெட்டும் வேண்டாம், பொறியும் வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மஞ்சள் நிறச் சொக்கெட் அல்லது மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதில் எந்த முள்ளையும் வைக்காதீர்கள். ஒரு சின்ன டெஸ்ட் லைட் இழுக்கிற கரண்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் தடியாக ஓடுகிற ஒயர் பெரும்பாலும் 200 வோல்ட்டுக்கும் மேலே. அது ஆளைக் கொல்லும். அதைப் படிக்காமல் தொடுவதற்கு இல்லை.

ஒரு சுற்று

கோயிலை வலம் வருகிறோம். ராஜகோபுரத்தில் புறப்பட்டால் சுற்றி வந்து அதே இடத்தில் முடித்தால்தான் ஒரு சுற்று. பாதி வழியில் கதவு சாத்தியிருந்தால் வலம் இல்லை. கரண்டும் அப்படியே. பேட்டரியின் பாசிட்டிவில் புறப்பட்டு, பியூஸ், சுவிட்ச், சில இடங்களில் ரிலே, பிறகு பல்ப், அதிலிருந்து எர்த் ஒயர், காரின் இரும்பு பாடி, கடைசியில் பேட்டரியின் நெகட்டிவ். போகிற வழியை எல்லாரும் பார்க்கிறோம். திரும்பி வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. மழையும் ஈரமும் உள்ள நம் ஊரில் பழுது உட்கார்ந்திருக்கிற இடம் பெரும்பாலும் திரும்பி வருகிற வழியில்தான்.

எந்தப் பழுதாக இருந்தாலும் முதல் அளவு பேட்டரி. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே என்றால் நிறைந்த பேட்டரி. உள்ளே ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட், அதுதான் கணக்கு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். இப்போதுதான் ஓட்டி நிறுத்திய வண்டியில் எண் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம்.

பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் எண் 9.6-க்குக் கீழே விழக்கூடாது. நின்றபோது 12.5 காட்டிய பேட்டரி, சாவியைத் திருப்பியதும் 7-க்கு விழுந்தால் பெரும்பாலும் பேட்டரியின் உயிர் போய்விட்டது. ‘டிக்’ சத்தத்துக்கு அதுவே பதில். எண் 12-ஐ விட்டு அசையவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஸ்டார்ட்டருக்குத் தகவலே போகவில்லை. எண் 11-க்கு மேலே நிற்கிறது, ஆனால் எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் தடித்த கேபிளையும் அதன் முனைகளையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. புதிய கார்களில் கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் ஒரு நிமிடம் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ‘ஆல்டர்னேட்டர் போச்சு’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எஞ்சின் ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுச்சு அண்ணே?”

டெஸ்ட் லைட்டில் பியூஸ் பார்ப்பது

கிளிப்பைப் பேட்டரி நெகட்டிவில் கவ்வ விடுங்கள். முள்ளை ஒரு முறை பாசிட்டிவில் வைத்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். டெஸ்டரின் பல்பே போயிருந்தால் காரில் இருக்கிற எல்லாமே பழுதாகத்தான் தெரியும். இதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் அலைகிறவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

பியூஸைப் பிடுங்க வேண்டியதில்லை. அதன் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியை ஆன் செய்துவிட்டு இரண்டிலும் முள்ளை வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் பியூஸைக் குறை சொல்லாதீர்கள். அதற்கே கரண்ட் வந்து சேரவில்லை. கண்ணால் பார்த்து “பியூஸ் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முடி அளவு வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, முள்ளுக்குத் தெரியும்.

சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அந்த இடத்தில் என்ன நிறம் இருந்ததோ அதே நிறம்தான் திரும்பப் போக வேண்டும். 10 போகிற இடத்தில் 30 போட்டால், அல்லது சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்தால், அடுத்த ஷார்ட்டில் பியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும். ஒயர் ஓடுவது கார்ப்பெட்டுக்கும் சீட்டுக்கும் அடியில். மாற்றிய பியூஸ் உடனே மறுபடியும் போனால், மூன்றாவதை மாட்டுவதை நிறுத்திவிட்டு எங்கே ஒயர் தோல் உரிந்து பாடியில் உரசுகிறது என்று தேடுங்கள்.

பிரேக் லைட், பொறுமையாக

இனி ஒரு முழுப் பழுதை எடுத்துக்கொள்வோம். பழைய சாகா ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்க பிரேக் லைட் மங்கலாக எரிகிறது, வலது பக்கம் நன்றாக எரிகிறது. பல்பை மாற்றியாயிற்று, மாற்றம் இல்லை.

இங்கே முதலில் யோசனை, பிறகு கருவி. இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் பொதுவான இடத்தில், அதாவது பியூஸிலோ பெடலுக்கு மேலே இருக்கிற சுவிட்சிலோ தேட வேண்டும். அந்த சுவிட்சில் ஒரு ஒயரில் கரண்ட் காத்துக்கொண்டே இருக்கும், மற்றதில் பெடலை மிதித்தால் மட்டும் வரும். டெஸ்ட் லைட் அரை நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் நம் காரில் வலது பக்கம் நன்றாக எரிகிறது. அப்படியானால் பியூஸ் நல்லது, சுவிட்ச் நல்லது. பழுது இடது பக்கத்துக்கு என்று பிரிந்து போகிற வழியில் இருக்கிறது. ஒரு முள் கூட வைக்காமல் பாதிக் காரைக் கழித்துவிட்டோம்.

இப்போது பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12.4 காட்டும். பலர் ஏமாறுகிற இடம் இது. “கரண்ட் ஃபுல்லா வருது, அப்புறம் ஏன் மங்கலா எரியுது?” மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழை மிச்சம் இருக்கிற ஒயரிலும், பச்சை பூத்த முனையிலும் அது 12.4 என்றே காட்டும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளியே வரும். குழாயைத் திறக்காமல் தண்ணீர் வேகம் பார்க்க முடியாதது போல.

ஆகவே பல்பை மாட்டுங்கள். நண்பரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, கறுப்பு முள்ளைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். ஒயர் எட்டாவிட்டால் ஒரு துண்டு ஒயரை இணைத்து நீட்டிக்கொள்ளலாம். சிவப்பு முள் முதலில் பல்புக்குக் கரண்ட் வருகிற முனையில்: 12.2 காட்டுகிறது. பேட்டரியில் 12.4, வழியில் 0.2 தான் குறைந்தது, பரவாயில்லை. அடுத்து சிவப்பு முள்ளைப் பல்பின் எர்த் முனையில் வையுங்கள். நல்ல எர்த்தாக இருந்தால் 0.1-க்கு மேலே காட்டக்கூடாது. நம் காரில் 3.8 காட்டுகிறது.

பழுது பிடிபட்டது. கணக்குப் பாருங்கள்: வழியில் 0.2, எர்த்தில் 3.8, மிச்சம் பல்புக்கு 8.4. மூன்றையும் கூட்டினால் பேட்டரியின் 12.4. வோல்ட் எங்கேயும் தொலைந்து போகாது. ஏதாவது ஓர் இடத்தில் செலவாகியிருக்கும். 8.4-ல் எரிகிற பல்ப் முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் தரும். இனி அந்த எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், அது பாடியில் திருகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். திருகைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கிற இரும்பில் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மறுபடியும் அளங்கள். 0.05 வந்தால் வேலை முடிந்தது. செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

எர்த் முழுதாகவே அறுந்துவிட்டால் இதைவிட விசித்திரமாக இருக்கும். ஒரே பல்புக்குள் இரண்டு இழை வைத்த பின் விளக்குகளில், டெயில் லைட் எரிந்துகொண்டிருக்கும். பிரேக்கை மிதித்தால் அதுவும் அணைந்துபோகும். அல்லது பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு லேசாகக் கண் சிமிட்டும். பேய் பிடித்த கார் என்று எலுமிச்சம்பழம் நசுக்கவேண்டாம். திரும்புகிற வழி அடைபட்ட கரண்ட், பக்கத்து இழைக்குள் புகுந்து அடுத்த விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. ஒன்றை அமுக்கினால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரிகிறது என்று யாராவது சொன்னால் உங்கள் கை தானாக எர்த் பக்கம் போக வேண்டும்.

பூட் மூடியில் விளக்கு இருக்கிற கார்களில் கீல் பக்கத்து ஒயரையும் மறக்காதீர்கள். ஆயிரம் முறை மடங்கி நிமிர்ந்து, தோலுக்குள்ளேயே செம்பு அறுந்திருக்கும். மீட்டர் முள்ளை வைத்துக்கொண்டு மூடியை மெல்ல ஏற்றி இறக்கினால் எண் குதிக்கும்.

இரவோடு இரவாக இறங்கும் பேட்டரி

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம், காரை வீட்டில் நிறுத்திவிட்டு நான்கு நாள் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியோ புதியது. ஏதோ ஒன்று தூங்காமல் குடித்துக்கொண்டிருக்கிறது. 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் அரை ஆம்பியர் கசிந்தால் 80 மணி நேரத்தில் காலி. மூன்றரை நாள்கூட இல்லை.

சாவியை எடுத்து, கதவெல்லாம் மூடி, அரை மணி நேரம் விடுங்கள். காரில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். பியூஸ் பெட்டி இருக்கிற பக்கத்துக் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தால் அதன் பூட்டை ஸ்குரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். பிறகு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு பியூஸின் தலையிலும் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளங்கள். சுத்தமாக 0 என்றால் அந்த வழியில் எதுவும் ஓடவில்லை. ஏதாவது எண் காட்டினால் அந்த வழியில் ஒரு திருடன் இருக்கிறான். மற்றவற்றைவிடப் பெரிய எண் காட்டுகிற பியூஸிலிருந்து ஆரம்பியுங்கள். மொத்தத்தில் 0.05 ஆம்பியர் வரை கசிவு சாதாரணம். கடிகாரமும் அலாரமும் பிழைக்க வேண்டுமே. டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் போட்ட சின்ன எல்இடி விளக்கை எல்லாரும் முதலில் சந்தேகப்படுகிறார்கள். அது இழுப்பது மிகக் குறைவு. சீட்டுக்கு அடியில் இருக்கிற ஆம்பிளிஃபயரையும் பியூஸ் இல்லாமல் நேரே பேட்டரியில் மாட்டிய டேஷ்கேமையும் முதலில் பாருங்கள்.

மோட்டாரிலும் இதே வழிதான். மலேசியாவில் 1992 முதல் பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். ஆகவே சார்ஜ் அளவைக் கவனியுங்கள். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் ரெகுலேட்டரையும் காயிலையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துவிடும். சில பழைய மோட்டார்களில் ஹெட்லைட்டுக்கு நேரே காயிலிலிருந்து ஏசி போகும். அங்கே டிசியில் வைத்து அளந்தால் மீட்டர் உளறும்.

கம்ப்யூட்டருக்குப் போகிற மெல்லிய ஒயர்களில் பல்ப் வைத்த டெஸ்ட் லைட் வேண்டாம்; அது இழுக்கிற கரண்டை அந்தச் சுற்று தாங்காமல் போகலாம். அங்கே மீட்டர் மட்டும். ஒயரின் தோலில் முள்ளால் குத்தி ஓட்டை போடுகிற பழக்கமும் வேண்டாம். இன்று குத்திய ஓட்டையில் மழைத் தண்ணீர் போய் ஆறு மாதத்தில் செம்பு பச்சையாகிவிடும். சொக்கெட்டின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளப்பதுதான் முறை.

இதில் ஆர்வம் பிடித்துப்போனவர்கள், பள்ளிப் படிப்பு எப்படி இருந்தாலும், எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் பக்கம் திரும்பிப் பாருங்கள். வாகனத் துறையில் அதற்குப் படிநிலைகள் உண்டு. பட்டறையில் அனுபவம் உள்ளவர்கள் அந்த அனுபவத்தைக் காட்டியே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு காரில் வலது ஹெட்லைட் மங்கல், இடது பிரகாசம். இரண்டு பல்பையும் பக்கம் மாற்றிப் போட்டும் வலதுதான் மங்கல். பேட்டரி 12.5. விளக்கு எரியும்போது கறுப்பு முள்ளைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து அளந்தால்: வலது விளக்கின் கரண்ட் முனையில் 9.6, எர்த் முனையில் 0.1. இடது விளக்கின் கரண்ட் முனையில் 12.1. சுவிட்ச் ஒன்றுதான், ரிலேயும் ஒன்றுதான். ஆனால் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பியூஸ். பழுது போகிற வழியிலா, திரும்புகிற வழியிலா? சுவிட்சைச் சந்தேகப்படலாமா? சிவப்பு முள்ளை அடுத்து எந்த இடத்தில் வைப்பீர்கள், அங்கே என்ன எண் வந்தால் என்ன முடிவு? தாளில் எழுதி அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மீட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிற வண்டிகளில் அளந்து பார்ப்போம்.